கறள் தேய்க்கிற சத்தம்

லண்டன் குரோய்டனில் தனக்கு விசா கிடைத்த கையோடு வாங்கின பழைய அமெரிக்கன் காரில் துருவாய்ப் படிந்த கறளை, எங்கள் இல்ஃபோர்ட் வீட்டுக்குப் பின்னால் மகன் தேய்க்கிறான். அந்தச் சத்தத்துக்கு எனக்கு இன்றைக்கும் விரல் நுனி கூசும்.

யாழ்ப்பாணத்தில் என் தகப்பன், ஐயாவும், வாடகைக்கு ஹயர் ஓட ஒரு கறள் கார் வாங்கினார். நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். பெரிய பள்ளிக்கூடம் தூரம்.

"கார் ஓடட்டும் பிள்ளை, நானே கொண்டுபோய் விடுறன். இப்ப இந்தக் கதவைத் தேய்."

தேய்த்தேன். கார் பளபளவென்று ஓடத் தொடங்கியபோது நான் வயதுக்கு வந்து பெரியபிள்ளையாகிவிட்டேன்.

"இனி என்ன பள்ளிக்கூடம்?" என்றா அம்மா. ஐயா காரைக் கலியாண ஹயருக்குக் கொண்டுபோனார்.

இப்ப மகன் தேய்க்கிறதை நிறுத்துகிறான். "அம்மா, இது ஓடினதும் முதல்ல உங்களைத்தான் ஏத்துவன். எங்க போகவேணும்?" கேட்கிறான்.

பெரிய பள்ளிக்கூடம் என்று சொல்ல வருகிறேன்; அவன் விரல் நுனியெல்லாம் கறள்.

"உன்ர வேலை ஷிப்டுக்கு நேரமாகுது மோனை, கையைக் கழுவிப்போட்டு வா" என்கிறேன்.