மதிலில் வைத்த இரண்டு விரல்கள்

சிட்னி, 1974 ஒக்ரோபர் கடைசி நாள். வசந்தகால வெயில் இன்னும் குசினிக்குள் விழுகிறது. நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரி ஜோன் அமெரிக்காவில் பிறந்தவள். இங்கே அநேகம் பேர் கொண்டாடாத பேய்த் திருநாளுக்கு அயலட்டைப் பிள்ளைகளைக் கூப்பிட்டிருக்கிறாள். சீஸ் பிசைந்த மாவை அவள் விரல் விரலாக உருட்ட, நான் நகத்துக்கு வாதுமைப் பருப்பை அழுத்துகிறேன். வெந்து வந்த தட்டில் தக்காளி சோஸை இரத்தமாக ஊற்றுகிறோம்.

பழக்கதோஷத்தில், கைக்கு முதலில் வந்த ஒரு விரலை எடுத்துப் பின்மதிலில் வைக்கிறேன். நுனி சற்றுக் கருகியது அது.

"யாருக்கு?" என்கிறாள் ஜோன்.

"காகத்துக்கு. செத்துப்போன எங்கட ஆக்கள் காகமாய் வந்து சாப்பிடுவினம்."

அவள் சிரிக்கவில்லை. பொன்னிறமாக வெந்த ஒன்றைத் தேடியெடுத்து அதன் பக்கத்தில் வைக்கிறாள்.

"இது என் கணவருக்கு. கருகினதை அவர் தொடமாட்டார்."

குழந்தை வீரிடுவதுபோலக் கத்திக்கொண்டு ஒரு காகம் இறங்குகிறது. நான் வைத்த விரலைக் கொத்திப் பார்த்துத் தள்ளிவிடுகிறது. ஜோன் வைத்ததைத் தூக்கிக்கொண்டு பறக்கிறது.

வாசலில் பிள்ளைகள் மணியடிக்கிறார்கள். நாங்கள் இரண்டு பேரும் கதவைத் திறக்கப் போகாமல் மதிலையே பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.