ஆட்டுக் கொட்டகைக்கு ஒரு தடை உத்தரவு

என் அக்கா சலேஹாவின் கணவர் மொய்தீன் பிச்சை மச்சானுக்கு இந்த உலகத்தில் பிடிக்காத இடம் ஒன்றுதான்: அவர் குடியிருக்கும் வீடு. மலாய் நாட்டு ஜார்ஜ் டவுனில், சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிற பழைய வரிசை வீடு. துறைமுகத்துப் பக்கம் ஒரு சரக்குக் கம்பெனியில் முப்பது வருஷம் குமாஸ்தா வேலை பார்த்தார். வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவார். ஓடு ஒழுகுது, படி ஆடுது, எலி மேலே ஏறுது. ஓய்வு பெற்ற பிறகும் கச்சேரி நிற்கவில்லை. வாயால் சொல்லி அலுத்துப்போய் மாநகர் மன்றத்துக்கு எழுதினார். அதுவும் பத்தாமல் தமிழ்ப் பத்திரிகைக்கு எழுதினார். "இந்த வீட்டில் இருப்பதைவிட ஆட்டுக் கொட்டகையில் படுக்கலாம்" என்று அவர் படத்தோடு அச்சில் வந்தது. மனிதர் அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். அதுவும் ஒழுகுகிற சுவரில்!

இந்த நிலம் எங்களுடையது என்று ஒரு ஹோட்டல் கம்பெனி வழக்குப் போட்டது. "பழைய சொந்தக்காரர் இத எங்க வாப்பாவுக்கு அன்னிக்கே குடுத்தாச்சு" என்றார் மச்சான். கொடுத்ததெல்லாம் வாய்ப்பேச்சில். தோற்றார். வீட்டைக் காலி செய்து ஒப்படைக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. மச்சான் அசரவேயில்லை. மேல்முறையீடு போட்ட கையோடு டீக்கடையில் போய் உட்கார்ந்துகொண்டு, "அப்பீல் போட்டாச்சு லா. இனிமே ஒரு பய நம்ம வாசல மிதிக்க முடியாது" என்று ஊருக்கே சட்டம் சொன்னார்.

மச்சானின் வக்கீல் ஜெகதீஸ்வரி தலையில் அடித்துக்கொண்டார்.

"அண்ணே, அப்பீல் போட்டா தீர்ப்பு தானா நின்னுடாது. அப்பீல் முடியற வரைக்கும் நிறுத்தி வைங்கன்னு தனியா ஸ்டே கேக்கணும். இல்லன்னா கோர்ட்டு ஆளு வந்து பூட்ட ஒடைப்பாங்க, கம்பெனிக்காரன் வீட்ட இடிப்பான். அப்புறம் அப்பீல்ல ஜெயிச்சு எங்க போய்ப் படுப்பீங்க?"

மச்சானுக்கு அப்போதுதான் வியர்த்தது. வீடு போனால் ஈடே இல்லை என்று சத்தியப் பிரமாணம் எழுதித் தரச் சொன்னார் வக்கீல். மச்சான் எழுதினார் பாருங்கள், அடேயப்பா! 'உயிரினும் மேலான இல்லம்', 'காற்றோட்டமான கூரை'. படித்துவிட்டு எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது.

அக்கா சிரிக்கவில்லை. "போனாப் போவட்டும் தம்பி. மக பாயான் லெப்பாஸ்லதானே வேல பாக்கறா, அங்கயே ஒரு ப்ளாட் பாத்துட்டுப் போயிடலாம். இந்த மனுசனும் நிம்மதியா இருப்பாரு" என்றாள்.

விசாரணை நாளில் நான்தான் இருவரையும் காரில் கூட்டிக்கொண்டு போனேன். கம்பெனி வக்கீல் எழுந்து, மச்சான் பத்திரிகைக்கு எழுதிய கடிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தார். பத்திரிகை வாங்க யாருக்குத் தடை? ஆட்டுக் கொட்டகை மலாயில் 'கண்டாங் கம்பிங்' ஆகி நீதிமன்றம் முழுக்கக் கேட்டது. இப்படிப்பட்ட வீட்டிலிருந்து இவரை வெளியேற்றுவது ஒரு தர்மம் என்று முடித்தார். மச்சான் தன் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெகதீஸ்வரி எழுந்தார். "இவ்வளவு மோசமான வீடுதான். கதவும் திறந்துதான் இருந்தது. இத்தனை வருஷத்தில் இவர் ஏன் போகவில்லை?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

நீதிபதியம்மா கம்பெனி வக்கீலிடம், "வீடு கைக்கு வந்ததும் என்ன செய்வீர்கள்?" என்றார்.

"இடிப்போம்."

"மேல்முறையீட்டில் அவர் ஜெயித்தால், இடித்ததைத் திருப்பித் தருவீர்களா?"

வக்கீல் கோப்பைப் புரட்டினார். மேல்முறையீடு முடியும்வரை தீர்ப்பை நிறுத்தி வைத்தார் நீதிபதியம்மா. அதுவரை இரண்டு தரப்பும் ஒரு செங்கல்லைக்கூட அசைக்கக் கூடாது.

வெளியே வந்ததும் மச்சான் சொன்ன முதல் வார்த்தை, "என்னா நாற்காலி போட்டிருக்கானுங்க, இடுப்பே போச்சு."

காரில் ஏறியதும் அக்கா பொங்கிவிட்டாள். "நாளு முழுக்க அந்த வீட்டத் திட்டித் தீத்தீங்களே. போறதுக்கு வழி கெடச்சா, கோர்ட்டு வாசல்ல போய் நிக்கறீங்க. அப்ப ஏசினதெல்லாம் சும்மாவா?"

மச்சான் ஜன்னல் கண்ணாடியை இறக்கினார்.

"வேல பாத்த கம்பெனில நாளு பூரா ஏச்சு வாங்கிட்டு வருவேன் சலேஹா. வந்து யாரையாச்சும் ஏசணும்ல? ஓட்ட ஏசினேன், படிய ஏசினேன், எலிய ஏசினேன். ஒன்னைய ஒரு வார்த்த ஏசியிருக்கேனா?"

எனக்கு யோசித்துப் பார்த்தால் அப்படி ஒரு நாள் நினைவுக்கு வரவில்லை. அக்கா கண் கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, கைப்பையில் போனைத் தேடி எடுத்தாள்.

"லாயரம்மா, நான் சலேஹா பேசறேன். எப்பாடு பட்டாவது அந்த அப்பீல்ல ஜெயிச்சுக் குடுத்துரும்மா. புது ப்ளாட்டுல ஓடு ஒழுகாது, எலி இருக்காது. நான் மட்டுந்தான் இருப்பேன்."