இடப்பக்கம் இழுத்த மீன் லாரி

பேராவூரணியில் லாரி பட்டறை வைத்திருக்கும் எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. என்ன கோளாறு என்று டிரைவரே முடிவுகட்டிக்கொண்டு வந்தால் எனக்குப் பிடிக்காது, வள்ளென்று விழுவேன். செல்லத்துரை அண்ணன் என் வாயை அடைத்துவிட்டார். கோளாறு வண்டியிலா, தன்னிடமா என்று கேட்டுக்கொண்டு வந்தார்.

அவர் மல்லிப்பட்டினத்துக்காரர். கடலுக்குப் போகும் குடும்பம். படகில் ஏறினாலே வாந்தி எடுப்பார் என்று ஊரே கேலி செய்ததில் ஸ்டியரிங் பிடிக்க வந்தவர். பழைய லாரி ஒன்றில் தஞ்சாவூர் மார்க்கெட்டுக்கு மீன் ஏற்றிப் போகிறார். சில வாரங்களாக அந்த லாரி இடப்பக்கமாகவே இழுத்தது. கம்ப்யூட்டர் வைத்த ஒரு கடையில் அலைன்மென்ட் பார்த்து, சக்கரமெல்லாம் சரி என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டிலோ டீ கிளாஸைப் பிடித்தாலே அவர் கை நடுங்கியது.

மனைவி தனபாக்கியம் அக்காவும் கூடவே வந்திருந்தார்.

"வண்டி சரிதானாம் தம்பி. இவரு கைதான் சரியில்ல. வாதம் வர்றதுக்கு முன்னாடி இப்படித்தான் இருக்குமாம். சாவிய ஜெகன்கிட்ட குடுங்கன்னா கேக்க மாட்டேங்குறாரு."

ஜெகன் அவர்கள் மகன், லாரி ஓட்ட லைசென்ஸ் எடுத்தவன். அண்ணன் சாவியை என்னிடம் நீட்டினார்.

நான் ஓட்டிப் பார்த்தேன். பிடியைச் சற்றுத் தளர்த்தியதும் லாரி இடப்பக்க வாய்க்காலைப் பார்த்துப் போயிற்று. வலப்பக்கம் இழுத்துப் பிடித்தேன். பக்கத்து ஊரான ஆவணம் போய்ச் சேர்வதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும்போல வலித்தது. நான் ஓட்டியதோ காலி வண்டி. இதில் மீனும் ஐஸும் ஏற்றிக்கொண்டு, எதிரே வந்த ஒரு ஆட்டோக்காரன்கூட முறைக்காதபடி, இந்த மனிதர் தஞ்சாவூர் வரை தினமும் நேராக ஓட்டியிருக்கிறார். கை நடுங்காமல் என்ன செய்யும்? எத்தனையோ டிரைவர்களைத் திட்டியிருக்கிறேன், ஒருவரைப் பார்த்துப் பிரமித்தது அன்றுதான்.

முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிச் சக்கரங்களை ஆட்டிப் பார்த்தேன். சக்கரம் திரும்புகிற அச்சாணியான கிங் பின்னில் ஆட்டம் இல்லை. பிரேக் எங்கும் உரசவில்லை, சக்கரம் லேசாகச் சுற்றியது. வண்டியை இறக்கி, முன் சக்கரத்தின் நடுவிலிருந்து பின் சக்கரத்தின் நடு வரை இரண்டு பக்கமும் டேப் பிடித்தேன். இடப்பக்கம் இரண்டு விரற்கடை குறைந்தது. முன் ஆக்ஸில் அந்தப் பக்கம் பின்னுக்கு நகர்ந்திருந்தது. கடையில் முன் சக்கரங்கள் ஒன்றுக்கொன்று நேராக இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்திருக்கிறார்கள். அவை நேர்தான். இரண்டும் சேர்ந்து வண்டிக்குக் கோணலாக நின்றன.

ஸ்பிரிங் பட்டைகளை ஆக்ஸிலோடு இருத்தி வைக்கும் நடு போல்ட், உப்பு அரித்து முறிந்து கிடந்தது. மார்க்கெட்டிலிருந்து திரும்பியதும் லாரியின் முகம் கடலைப் பார்க்க நிறுத்தித்தான் அண்ணன் கழுவுவாராம். அவர் வீட்டில் படகுக்குச் செய்கிற மரியாதை. கடலை நோக்கி இறங்கும் கரைச் சரிவில் மீன் பெட்டியின் உப்புத் தண்ணீரெல்லாம் முன்னால் ஓடிவந்து இடது பட்டையில் இறங்கியிருக்கிறது. கடலுக்குக் கும்பிடு போடுவதற்கு இவ்வளவு செலவா என்று கிண்டல் செய்தேன். அவர் சிரிக்கவில்லை. வண்டியில்தான் கோளாறு என்று நான் சொன்னதை இன்னும் நம்பவில்லை.

புது போல்ட் போட்டு ஆக்ஸிலை இடத்தில் உட்காரவைத்தேன். இரண்டு பக்கமும் ஒரே அளவு வந்ததும் அவரையே ஓட்டச் சொல்லி, நானும் அக்காவும் ஏறிக்கொண்டோம். கிளம்பியதுமே லாரி வலப்பக்கம் பாய்ந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டார். பழக்கத்தில் அண்ணன் கை இன்னும் வலப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது.

"இழுக்காதீங்கண்ணே. அதுவா போகும்."

விரல்களை மெதுவாகத் தளர்த்தினார். லாரி நேராகப் போயிற்று. கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு ஓரமாக நிறுத்தி, தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பயந்துபோய்த்தான் இருந்தீர்களா என்று அக்கா கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினார். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. அவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டு சாவியைக் கொடுக்காமல் வீட்டில் தினம் சண்டை எதற்கு என்று கேட்டார்.

"கையா வண்டியான்னு எனக்கே தெரியல பாக்கியம்," என்றார். "கையா இருந்தா என்னோட போயிடும். வண்டியா இருந்தா? அது தெரியாம புள்ளகிட்ட எப்படிக் குடுப்பேன்?"