ஸ்டெல்லா கேட்ட பழைய படம்

சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லாவின் மகள் போன் செய்து, "ஆயா, அம்மா போய்ட்டாங்க" என்றாள். எங்கே என்று கேட்டுவிட்டேன். அவள் அழுத பிறகுதான் புரிந்தது. கையிலிருந்த மீனை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தேன். வாங்க வந்தவருக்கு என்ன தெரியும்.

கொட்டிவாக்கத்தில் உங்கள் எல்லோருக்கும் அவளைத் தெரியும். அடையாறில் ஒரு ஆஸ்பத்திரியின் ஸ்கேன் அறையில் இருபது வருஷ வேலை. உள்ளே போகிற பெண்களின் நகை, ஊக்கு எல்லாவற்றையும் கழற்றி வாங்கி வைப்பது அவள் பொறுப்பு. தாலியைக் கழற்ற மாட்டேன் என்று அழுகிறவர்களுக்காகப் பையில் எப்போதும் மஞ்சள் கயிறு வைத்திருப்பாள். ஞாயிறு தவறாமல் மாதா முன் மண்டியிடுகிறவள், அந்தக் கயிற்றை மயிலாப்பூர் மாடவீதியில் வாங்கி வருவாள். "இத கட்டிக்கினு தைரியமா போ. தங்கம் எங்கிட்ட பத்திரமா கீது" என்பாள்.

என் பேத்தி இன்று நர்ஸுக்குப் படிக்கிறாள். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். சின்னப் பிள்ளையாக இருந்தபோது மாடிப்படியில் விழுந்து, தலையில் ஸ்கேன் எடுத்தோம். நார்மல் என்று வந்தது. இவ்வளவு செலவு செய்து ஒன்றுமே இல்லையா என்று புலம்பினேன். ஸ்டெல்லாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஒன்னும் இல்லன்னு தெரிஞ்சிக்கத்தான் ஆயா அந்தக் காசு."

சில மாதத்தில் பேத்திக்குத் தலைவலி. வேறொரு கிளினிக்கில் மறுபடி ஸ்கேன் எழுதினார்கள். ஸ்டெல்லா வாசலில் நின்றபடியே கேட்டாள்: "பழைய படம் எங்க?" பீரோவுக்குப் பின்னாலிருந்து எடுத்தேன். "மொதல்ல இத காட்டு. பாத்துட்டும் டாக்டர் வேணும்னா, யோசிக்காம எடுத்துடு" என்றாள். டாக்டர் பழைய படத்தைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், மூக்குக்கண்ணாடி எழுதினார். அதோடு முடிந்தது.

அன்றிலிருந்து மீன் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே ஊருக்கெல்லாம் யோசனை சொல்ல ஆரம்பித்தேன். பழைய படம் எங்கே, அதைக் காட்டு, போதும். ஐந்தாவதோடு நின்றவள் பேச்சை நாலு பேர் கேட்டால் தலைகால் புரியுமா?

போன மழைக்காலத்தில் ஸ்டெல்லாவுக்கு விடாத இருமல். என் கூடை ஓரமாக உட்கார்ந்தாள். "டாக்டர் ஸ்கேன் எழுதிகீறாரு ஆயா. போன வருஷம்தான் ஒன்னு எடுத்தேன்."

"நார்மல்தானே வந்துச்சு? அந்தப் படத்த காட்டு, போதும்" என்றேன்.

அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "என் பாட்ட எனக்கே பாடுறியா?" என்று சிரித்து, நெத்திலி வாங்கிக்கொண்டு போனாள். நாலு மாதம் கழித்துத்தான் ஸ்கேன் எடுத்தாள். அதற்குள் புற்றுநோய் நுரையீரல் முழுக்கப் பரவியிருந்தது.

அவள் சொன்னதில் பாதியைத்தான் நான் ஊருக்குச் சொல்லிவந்தேன். அவளுக்கும் அந்தப் பாதியையே கொடுத்தேன். "நீ காரணமில்ல ஆயா. அம்மா யார் பேச்ச கேட்டுச்சு?" என்கிறாள் மகள். இருக்கலாம். ஆனால் அன்று ஏன் அப்படிப் பார்த்தாள்? மீதியையும் நான் சொல்வேன் என்று காத்திருந்தாளா?

அந்த நார்மல் படத்தை மகளிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் எனக்கு ஒன்றும் புரிவதில்லை. ஆனாலும் தினம் பார்க்கிறேன். இப்போது யார் ஸ்கேன் கவரோடு வந்தாலும் இரண்டு பாதியையும் சொல்லித்தான் அனுப்புகிறேன். "டாக்டர் வேணும்னா, யோசிக்காம எடுத்துடு." சொல்லும்போதெல்லாம் அவள் கூடை ஓரமாகவே உட்கார்ந்திருக்கிறாள்.