பன்னிரண்டு மணிச் சோறு

நாற்பது வருடம் பஸ் ஓட்டியவன் நான். கோபம் வந்தால் வாய் முன்னால் ஓடிவிடும், புத்தி பின்னால் சைக்கிளில் வரும்.

அக்காவுக்கு எண்பது வயது. எங்கள் வழக்கப்படி வீட்டை மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தாள். மகள் கனடாவில், இங்கே அக்காவைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. மனைவி இறந்தபின் நானும் என் மகள் வீட்டுப் பின்னறையில்தான். ஆகவே அக்கா நாவற்குடாப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போனாள்.

எனக்கோ அந்த இடத்தில் நம்பிக்கை வரவில்லை. முதியவர்களை அடிக்கிறார்கள், கிள்ளுகிறார்கள் என்று ஃபோனில் எத்தனை வீடியோ! போகும்போதெல்லாம் அக்காவின் கைகளைப் புரட்டிப் புரட்டிக் காயம் தேடுவேன்.

"என்ன தம்பி, கைரேகை பாக்கிறியோ?" என்று சிரிப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சட்டித் தயிரோடு போய் இறங்கியபோது ஒன்றரை மணி. மேசைகளில் பதினெட்டுப் பேர். ஒவ்வொரு சாப்பாட்டுக் கோப்பையிலும் சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, இறால் பொரியல். ஒருவரும் கை வைக்கவில்லை. அக்காவின் உதடு நடுங்கியது, நெற்றியெல்லாம் வியர்வை. சீனி வருத்தத்துக்கு ஊசி போடுகிறவள், பன்னிரண்டு மணிக்குச் சாப்பிடாவிட்டால் மயங்கி விழுவாள்.

"ஏன் சாப்பிடல்ல?"

இல்லத்துக்குப் பொறுப்பாக இருந்த அம்மா தயங்கினார். "இண்டைக்குச் சாப்பாடு தாறவங்க இன்னும் வரல்ல ஐயா. மகன்ட பிறந்தநாளாம். வந்து ஃபோட்டோ எடுத்த பிறகுதான்..."

"எங்கட அக்கா விழுந்து செத்தா, அதையும் ஃபோட்டோ எடுப்பாங்களோ?"

சோற்றைப் பிசைந்து அக்காவின் வாயில் வைத்தேன். "எல்லாரும் சாப்பிடுங்க! ஆர் கேட்டாலும் நான் பதில் சொல்றன்!"

மூலையில் இருந்த ஐயா மெதுவாக ஒரு இறாலை எடுத்தார். அவ்வளவுதான், கூடம் முழுக்க மொறுமொறு. ஒரு கிழவி இரண்டாம் தரம் சோறு கேட்டாள்.

இரண்டரை மணிக்குக் கேக்கோடும் கமராவோடும் அந்தக் குடும்பம் வந்தது. வெறும் கோப்பைகளைப் பார்த்து அந்தத் தகப்பன் திகைத்துப் போனான். "ஐயோ, எங்களுக்காகக் காத்திருக்கச் சொல்லி ஆர் சொன்ன?" என்றான். பாவம், நல்ல பிள்ளை. காத்திராவிட்டால் கொடுக்கிறவர்கள் கோபித்துக்கொண்டு அடுத்த முறை வரமாட்டார்கள் என்ற பயம்தானாம் அந்த அம்மாவுக்கு. இனி யார் வந்தாலும் வராவிட்டாலும் பன்னிரண்டு மணிக்குச் சோறு என்று எல்லார் முன்னாலும் அவரைச் சொல்ல வைத்தேன். இன்றுவரை அப்படித்தான் நடக்கிறது.

தேர்தலில் வென்றவன் மாதிரி வெளியே நடந்தேன். அக்கா வாசல் கேற் வரைக்கும் வந்தாள்.

"இவ்வளவு நாளும் ஏன் அக்கா எனக்குச் சொல்லல்ல? எத்தினை அறிவு கெட்டவனுகள் இப்பிடிக் காக்க வெச்சிருப்பானுகள்!"

"ஏசாத தம்பி. மச்சாள்ட திவசத்துக்கு நீயும் சாப்பாடு தந்தாய்தானே? கோயில் பூசை முடிஞ்சு நீ வரக்குள்ள மூண்டு மணி." என் தோளைத் தட்டினாள். "அழுது வீங்கின முகத்தோட வந்தாய். உனக்கு எப்பிடிச் சொல்ற?"

என் மனைவியின் திவசத்தன்று அங்கே எடுத்த ஃபோட்டோ என் ஃபோனில் இருக்கிறது. வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தேன். அக்கா இரண்டு கையாலும் மேசையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள்.