கிமோனோவில் சிக்கிய தாலிக்கொடி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், லண்டனில் நடந்தது இது. அப்போது நாங்கள் கிழக்கு லண்டனில் செவன் கிங்ஸில் இருந்தோம். கிழமைக்கு ஐந்து நாள் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிய எனக்குச் சனிக்கிழமை என்றால் நித்திரை, வேறொன்றும் இல்லை. அந்த நித்திரைக்கு உலை வைத்தவர் என் மச்சாள், அதாவது என் கணவரின் அக்கா.

நாங்கள் இருவரும் புதன்கிழமைகளில் பெண்களுக்கான ஆங்கில வகுப்பு ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தோம். எங்கள் ஆசிரியை ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. ஒருநாள் சுற்றுலா ஒன்றை ஒழுங்கு செய்திருப்பதாகச் சொன்னார். மேற்கு லண்டனில் ஒரு மண்டபத்தில் ஜப்பானியப் பெண்கள் சிலர், வருகிறவர்களுக்குக் கிமோனோ உடுத்திப் படம் எடுத்துக் கொடுப்பார்களாம், இன்னொரு கலாசாரத்தை அறிந்துகொள்ளலாமாம். எனக்கு என் கலாசாரத்தோடு மாரடிக்கவே நேரம் போதவில்லை. வரவில்லை என்று சொல்ல நான் வாயைத் திறக்குமுன் மச்சாள் இருவர் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டார்.

அதோடும் விட்டாரா என்றால் இல்லை. முதல் நாள் பின்னேரமே வீட்டுக்கு வந்து கட்டளை போட்டார்.

"படத்தில கொடி தெரியவேணும். நான் அதைக் கனடாவில இருக்கிற எங்கட ஆக்களுக்கு அனுப்பப் போறன். வெறுங்கழுத்தோட நிண்டீர் எண்டால் அங்க என்ன நினைப்பினம்?"

கொடி என்று அவர் சொன்னது என் தாலிக்கொடியை. யாழ்ப்பாணத்துத் தாலிக்கொடி தடித்த தங்கச் சங்கிலி, சும்மா நூல் மாதிரி இராது. அம்மா தன் காப்புகளை உருக்கி எனக்குச் செய்வித்தது அது. ஊரைவிட்டு வந்தபோது என்னோடு வந்த ஒரே பொருளும் அதுதான். திருடருக்குப் பயந்து கழுத்து மூடிய சுவெட்டருக்குள் ஒளித்து வைப்பேனே தவிர, ஒருநாளும் கழற்றியதில்லை. கணவர் உயிரோடு இருக்கும்போது தாலியைக் கழற்றுவது எங்களுக்கு நினைத்துப் பார்க்கவே கூடாத காரியம்.

வகுப்புக்காரர் எல்லோரும் ஏறிய கோச் பஸ்ஸில் போகும்போது மச்சாள் மீன் ரோல்ஸ் பெட்டியைத் திறந்தார். கோச் முழுக்க மீன் மணம். மண்டபத்து வாசலில் எங்கள் எண்ணெய்க் கைகளைப் பார்த்த ஜப்பானியப் பெண் ஒருவர் ஈரத் துவாய்களைக் கொண்டுவந்து நீட்டினார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மச்சாள் துவாயால் முகத்தையும் சேர்த்துத் துடைத்துக்கொண்டார்.

உள்ளே கிமோனோக்களை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். எனக்கு உடுத்திவிட வந்தவருக்கு அறுபது வயது இருக்கும். சின்ன உருவம். பேசிய ஆங்கிலம் என்னுடையதைவிடக் குறைவு. அவர் எனக்கு எடுத்த நீல நிறக் கிமோனோவை மச்சாளுக்குப் பிடிக்கவில்லை. அப்டன் பார்க் சீலைக் கடையில் ஐம்பது சீலையை விரிக்கச் சொல்லிவிட்டு ஒன்றும் வாங்காமல் வருகிறவர் அவர். அதே பாவனையில் மேசை ஓரத்தில் கடதாசியில் சுற்றி, நுனி மட்டும் தெரிய வைத்திருந்த ஒன்றை விரலால் காட்டினார்.

"அதை எடுக்கச் சொல்லும். அதுதான் நல்ல பட்டு."

"மச்சாள், தாறதை உடுப்பமே. பேசாமல் இருங்கோ."

இருந்தால்தானே. உடுத்திவிட வந்த அந்த ஜப்பானிய அம்மா கொஞ்சம் யோசித்தார். பிறகு தலையைக் குனிந்துவிட்டுக் கடதாசியைப் பிரித்தார். இளம் ரோசாப்பூ நிறம், ஓரத்தில் பொன் இழை. உண்மையில் வடிவுதான். அந்த வடிவைப் பார்த்ததும் நானும் வாயை மூடிக்கொண்டேன்.

உடுத்தத் தொடங்கினால் முடிகிற வழியைக் காணோம். உள்ளே ஒரு வெள்ளை உடுப்பு, அதன்மேல் ஒரு கயிறு, பிறகு இன்னொரு கயிறு. இடுப்பு வளைவு தெரியக் கூடாதாம், அதற்காக இடுப்பைச் சுற்றித் துவாய் வைத்துக் கட்டினார். எங்கள் சீலை கட்ட ஐந்து நிமிடம் போதும். இங்கே முக்கால் மணி நேரம் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். நின்ற நேரமெல்லாம் மனதுக்குள் மச்சாளையும் ஆசிரியையையும் அந்த அம்மாவையும் வரிசையாகத் திட்டினேன்.

கடைசியில் அவர் என் கழுத்தைக் காட்டி, கழற்று என்று சைகை செய்தார். கிமோனோவுக்குச் சங்கிலி போடுவதில்லையாம், பட்டும் கெட்டுவிடுமாம். நான் ஏலாது என்று தலையை ஆட்டினேன். அவர் திரும்பவும் காட்டினார். நான் கொடியைக் கையால் பொத்திக்கொண்டு, கொஞ்சம் உரத்த குரலில், "நோ" என்றேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஒரு மெல்லிய துணியைக் கொண்டுவந்து கொடியைச் சுற்றி மூடி, உள் உடுப்புக்குள்ளே தள்ளிவிட்டார். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன்.

படம் எடுக்கிற இடத்தில் கையில் கடதாசிக் குடையைத் தந்து, சிரிக்க வேண்டாம் என்றார்கள். சிரிக்கிற நிலையில் நான் இல்லை. அந்த நேரம் பார்த்து மச்சாள் ஓடிவந்து, என் கழுத்துக்குள் கையை விட்டு, துணியை உருவி எறிந்துவிட்டுக் கொடியை வெளியே இழுத்துப் போட்டார். "இப்பதான் வடிவு" என்றார். படமும் எடுத்தாகிவிட்டது.

கழற்றப் போனபோதுதான் தெரிந்தது. மச்சாள் இழுத்த இழுப்பில் கொடியின் கொக்கி பின்கழுத்துப் பக்கம் பட்டுக்குள் ஏறி, பொன் இழையோடு சிக்கிக்கொண்டுவிட்டது. அசைத்தால் இழை இழுபட்டது. கிமோனோவையும் கழற்ற முடியவில்லை, கொடியையும் எடுக்க முடியவில்லை. வெளியே கோச் சாரதி ஹோர்ன் அடிக்கத் தொடங்கிவிட்டார். ஆசிரியை கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி குறுக்கும் நெடுக்கும் நடந்தார். காலையிலிருந்து ஓயாத மச்சாளின் வாய் அப்போதுதான் ஓய்ந்தது.

படம் எடுத்தவர் தன் பெட்டியிலிருந்து கம்பி நெரிக்கிற குறடு ஒன்றைக் கொண்டுவந்தார். கொக்கியை நெரித்து உடைத்தால் ஒரு நிமிட வேலை, பிறகு நகைக்கடையில் ஒட்டிக்கொள்ளலாம் என்றார். தாலிக்கொடியைக் குறட்டால் உடைப்பதா? என் கணவர் அப்போது பெற்றோல் ஸ்டேஷனில் வேலையில் நிற்கிறார். நான் இரண்டு கையாலும் கொக்கியைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கிவிட்டேன். விளக்கம் சொல்ல ஆங்கிலம் வரவில்லை. ஒரு சொல்தான் வந்தது. "ஹஸ்பண்ட்" என்றேன். திரும்பத் திரும்ப அதையே சொன்னேன்.

அந்த அம்மா குறட்டை வாங்கி ஒரு பக்கம் வைத்தார். என்னை முக்காலியில் இருத்தி, பின்னால் முழங்காலில் நின்று, ஊசி முனையால் ஒவ்வொரு இழையாக விலக்கிப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஹோர்ன் இன்னும் இரண்டு தடவை கேட்டது. இழை விடவில்லை. பிறகு கத்தரிக்கோல் சத்தம் ஒன்று என் காதுக்குப் பின்னால் கேட்டது. கொடியை வெட்டிவிட்டார் என்று நினைத்து நான் துள்ளி எழுந்தேன். கொடி கழுத்தில் முழுசாகக் கிடந்தது. வெட்டுப்பட்டது பட்டு.

அவர் கொக்கியை விரலால் தடவிப் பார்த்து, கூர் என் கழுத்தில் குத்தாமல் திருப்பிவிட்டார். "ஓகே, ஹஸ்பண்ட் ஓகே" என்றார். நான் நன்றி சொன்னேனா என்றுகூட நினைவில்லை. கோச்சுக்கு ஓடிவிட்டேன்.

அடுத்த புதன்கிழமை வகுப்பில் ஆசிரியை சொன்னார். அன்று உடுத்தக் கொடுத்த கிமோனோக்கள் எல்லாம் அந்த ஜப்பானியப் பெண்களின் சங்கத்துக்குச் சொந்தமானவை. நான் உடுத்தியது மட்டும் அந்த அம்மாவுடையது. அவருக்குக் கல்யாணமானபோது அவருடைய தாய் கொடுத்ததாம். படம் எடுத்து முடிந்தபின் தானே உடுத்திப் பார்க்கலாம் என்று கொண்டுவந்திருக்கிறார். மச்சாள் கொப்பியைப் பார்த்தபடி இருந்தார்.

அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டு நான்கு வரி எழுதினேன். ஆசிரியை பிழை திருத்தித் தந்தார். இரண்டு கிழமை கழித்து என் படத்தோடு பதில் வந்தது. படத்தில் நான் யாரையோ அடிக்கப் போகிறவள் மாதிரி நிற்கிறேன், கழுத்தில் கொடி பளிச்சென்று தெரிகிறது. மச்சாள் பிரதி எடுத்துக் கனடாவுக்கு அனுப்பிவிட்டார். கூட வந்த கடிதத்தில் ஒரு வரி இருந்தது. கவலைப்பட வேண்டாம், அந்த இடம் உடுத்தினால் தெரியாது என்று எழுதியிருந்தார்.

அது பொய். கிமோனோவின் பின்கழுத்தைக் கொஞ்சம் இறக்கி, எல்லோரும் பார்க்கும்படி விட்டுத்தான் உடுத்துவார்கள். முக்கால் மணி நேரம் அதை எனக்கு உடுத்திவிட்டவரே அவர்தான். பின்னால் நிற்கிற ஒவ்வொருவருக்கும் அந்த வெட்டு தெரிந்திருக்கும்.

அன்றைக்கு முழுக்க நான் மச்சாளில் எரிந்துகொண்டிருந்தேன். ஆனால் கொக்கியைப் பொத்திக்கொண்டு விடமாட்டேன் என்று இருந்தது நான்தான், அப்போது என்மேல் கிடந்த அந்தப் பட்டுத் துணியை நான் நினைக்கவே இல்லை. இன்றைக்கும், 'எங்கள் வழக்கம் இது, என்னால் முடியாது' என்று யாரிடமாவது நான் பிடிவாதமாக நிற்கும்போது, அதற்காக அவர் தன்னுடையதில் எதை வெட்டிக்கொள்ளப் போகிறார் என்று ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன்.