ஃபயர்பிளேஸ் எந்தக் காலத்தது?

குன்னூரில் வெள்ளைக்காரன் காலத்துப் பொருளென்றால்தான் மரியாதை. எனக்கு அந்த மரியாதை கிடையாது. முழங்கால் மட்டும் அந்தக் காலத்துக் கதவு போலக் கிறீச்சிடும்.

வேன் ஓட்டிப் பிழைப்பவன் நான். மழை பிடித்தால் சவாரி இல்லை. பழைய எஸ்டேட் பங்களா ஒன்றை வாங்கி விடுதியாக்கியிருந்தவர், விருந்தினருக்கு இங்கிலீஷில் சுற்றிக்காட்ட ஆள் தேடுகிறார் என்றதும் போய் நின்றேன். மழையிலும் சம்பளம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஒரு கோஷ்டியைச் சுற்றிக்காட்ட வேண்டும், தேறினால் வேலை.

என் மனைவி இங்கிலீஷ் டீச்சர். எதைக் காட்டினாலும், இன்ன காலத்தது என்பதற்கு ‘டேட்ஸ் பேக் டு’ என்று சொல்லுங்கள், அலுத்துப்போனால் ‘கோஸ் பேக் டு’ என்றாள். என் நாக்கு இரண்டுக்கும் மசியவில்லை. இருந்த இடத்திலேயே கிடக்கும் கட்டில் ஏன் பின்னால் போக வேண்டும்? பர்லியார் மலைவளைவில் ரிவர்ஸ் எடுப்பது இதைவிடச் சுலபம். ஒரு வாரம் குக்கர், ஸ்வெட்டர், தண்ணீர் டிரம் என்று வீட்டிலிருந்த சகலத்தையும் திக்கித் திக்கி வெள்ளைக்காரன் காலத்துக்கு அனுப்பினேன். திக்கும்போதெல்லாம் அவள் ஸ்கேலால் மேஜையைத் தட்டினாள். எரிச்சலில் அவள் அக்காவையும் சேர்த்து அனுப்பினேன். அன்றைய பாடம் அதோடு முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை சைப்ரஸ் மரம், சுவர்க் கடிகாரம், குளியல் தொட்டி எல்லாம் தடையில்லாமல் பின்னால் போயின. முதலாளி தலையாட்டிக்கொண்டே கூட வந்தார். கடைசியாக ஹால். அதற்குள் அன்றுதான் நுழைகிறேன். அங்கே மரச்சட்டம் வைத்த ஃபயர்பிளேஸ். பங்களா கட்டிய நாளிலிருந்து இருப்பதாகச் சொல்லச் சொல்லியிருந்தார்.

சட்டத்தின் மூலையில் ஒரு கீறல். என் வேன் கதவு இடித்துப் பட்ட கீறல். போன வருஷம் மேட்டுப்பாளையத்தில் ஆசாரி அந்தப் புதுச் சட்டத்துக்கு டீ டிகாக்‌ஷன் பூசிப் பழசாக்கித் தர, மலையேற்றிக் கொண்டுவந்து ஃபெர்ன்ஹில் பழம்பொருள் கடையில் இறக்கியவனே நான்.

வந்திருந்தவர்களில் ஓர் அம்மாள் சட்டத்தைப் பயபக்தியோடு தடவி, எவ்வளவு பழசு என்று கேட்டார். நாலு மாத மழைச் சம்பளம் கண்முன் வந்து நின்றது. வாரம் முழுக்கத் திக்கிய நாக்கு அப்போது பார்த்து வழுக்கிக்கொண்டு ஓடியது.

“டேட்ஸ் பேக் டு லாஸ்ட் இயர், மேடம். ஐ ஒன்லி பிராட் இட்.”

அவர்களுக்கு ஒரே சிரிப்பு. என்னை ஃபயர்பிளேஸ் பக்கத்தில் நிறுத்திப் படம்கூட எடுத்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. அவர்கள் போனதும் எனக்கு டீ கொடுக்கச் சொன்னார்.

“ஏனுங்க, உங்களை யாருங்க உண்மையக் கேட்டாங்க?” என்றார். ஸ்டேஷன் சவாரி இருந்தால் சொல்லி அனுப்புவாராம்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி, எங்கே தப்பு விட்டீர்கள் என்றாள். இங்கிலீஷில் ஒரு தப்பும் இல்லை என்று நடந்ததைச் சொன்னேன். ஸ்கேலை எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

“அந்த ஒரு எடத்துலயாவது திக்கியிருக்கக் கூடாதுங்களா?”

பதில் சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் திக்கியது.